தலை அடுப்பு

கே.ஜி.கண்டிகை
2 மே 2015

ஷாலினிக்கு உன் ஆயா தாயம்மாள் எழுதுவது.

நீ நியூயார்க்கில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா, குளிர் தாங்குகிறதா என்று கேட்க இப்போது எனக்கு மனசில்லை. அதையெல்லாம் என் பிள்ளை, உன் நைனா, போனில் கேட்டுக்கொள்ளட்டும். நேற்று நீ கூப்பிட்டபோது நான் எடுக்காததற்குக் காரணம் காது கேட்காதது இல்லை. போனில் நான் கத்தினால் "சிக்னல் இல்ல ஆயா" என்று வைத்துவிடுவாய். காகிதம் அப்படி இல்லை. படித்துத்தான் ஆக வேண்டும். ஐந்தாவது வரை படித்தவள் நான். வேறு யாரையும் விட்டு எழுதச் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தணிகைவேல் நம் டீக்கடை முன்னால் ஆட்டோவை நிறுத்திவிட்டு ஓடி வந்தான். "ஆயா, அமெரிக்காவுல பெரிய ஸ்கிரீன்ல நீ கீற. ஷாலினி உன்னியக் காட்டிகினு பேசுது பாரு" என்று போனை நீட்டினான். கடையில் இருந்தவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். உன் நைனா டீ ஆற்றுவதை விட்டுவிட்டு வந்து நின்றான். எனக்கும் முதலில் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். மூக்குத்தி கூடத் தெளிவாகத் தெரிந்தது.

படத்துக்குக் கீழே இங்கிலீஷில் எழுதியிருந்தது. பஸ்ஸுக்கு நின்றிருந்த பிரியங்கா டீச்சரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டு அந்தப் பெண் போனைத் தணிகைவேலிடமே திருப்பிக் கொடுத்தது. "சொல்லும்மா" என்றேன். "விறகுப் புகையில இவங்களுக்குக் கண்ணு போவுதாம். இவங்களைப் போல கோடிப் பேருக்கு நல்ல அடுப்பு இல்லையாம். அப்படித்தான் போட்டிருக்குங்க ஆயா" என்றது, என் முகத்தைப் பார்க்காமல்.

எனக்கா கண் போகிறது? இன்றைக்கும் ஊசியில் நூல் கோப்பவள் நான். எனக்கா அடுப்பு இல்லை? ரெண்டு பர்னர் கேஸ் அடுப்பை நீ பத்தாவது படிக்கும்போதே உன் நைனா வாங்கி வைத்தான். அதில் நான் சுட்ட தோசையைத் தின்றுவிட்டுத்தான் நீ டெல்லிக்கு ரயில் ஏறினாய்.

அந்தப் படத்தில் இருப்பது என்ன அடுப்பு என்று உனக்குத் தெரியாதா? போன ஆடிக் கடைசி வெள்ளி, எல்லையம்மன் கோயில் வாசல். ஊரில் உள்ள எல்லா வீட்டுப் பொங்கல் அடுப்பும் ஒரே வரிசை. சீட்டுப் போட்டதில் தலை அடுப்பு எனக்கு விழுந்தது. அம்மன் விளக்கிலிருந்து தலை அடுப்புக்கு நெருப்பு வரும். மற்ற அடுப்பெல்லாம் தலை அடுப்பில் குனிந்துதான் நெருப்பு எடுக்க வேண்டும். கீழ்த்தெருவுக்கு அது விழுந்தது அதுவே முதல் தடவை. ஒரு காலத்தில் அந்த வரிசையே நமக்குக் கிடையாது. களத்துமேட்டுக்கு அந்தாண்டை, அம்மன் முதுகைப் பார்த்துப் பொங்கல் வைத்தவர்கள் நாம். உன் தாத்தா தாலுகா ஆபீஸ் வாசலில் நின்று நின்று வாங்கிய இடம் அது. அதைப் பார்க்க அவர் இல்லையே என்று எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அதைப் படம் எடுத்துப் புகையால் வந்த தண்ணீர் என்று உலகத்துக்கே காட்டிவிட்டாய்.

எந்த இடத்தில் காட்டினாயோ அதே இடத்தில், யார் பார்த்தார்களோ அவர்கள் முன்னால், அது என்ன அடுப்பு என்று நீ வாயால் சொல்ல வேண்டும். சொல்கிற வரைக்கும் போன் செய்யாதே.

தாயம்மாள்


நியூயார்க்
15 மே 2015

அன்புள்ள ஆயாவுக்கு,

உன் கடிதத்தை அலுவலகத்தில் நின்றுகொண்டே படித்தேன். உன் கோபம் புரிகிறது. ஆனால் நான் இங்கே என்ன செய்கிறேன் என்பது உனக்குத் தெரியாது. தெரிந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டாய்.

உலகத்து நாடுகள் எல்லாம் இங்கே கூடி, அடுத்த பதினைந்து வருஷத்துக்கு எல்லோரும் எட்ட வேண்டிய இலக்குகளை எழுதிக்கொண்டிருக்கின்றன. பசி இருக்கக் கூடாது, தண்ணீர் கெடக் கூடாது, காற்று கெடக் கூடாது, எல்லோருக்கும் மின்சாரமும் நல்ல எரிபொருளும் வேண்டும். எழுதுவதில் யாருக்கும் சண்டை இல்லை. சுமையை யார் தூக்குவது என்பதில்தான் சண்டை. இருநூறு வருஷம் கரியை எரித்துப் பணக்காரர் ஆன நாடுகள், "இது எல்லோருக்கும் பொது, ஆகவே எல்லோரும் ஒரே மாதிரி பொறுப்பு ஏற்போம்" என்கின்றன. நம் நாட்டுத் தரப்பு, "பொதுதான், ஆனால் சுமை ஒரே மாதிரி இருக்க முடியாது. அதிகம் கெடுத்தவர் அதிகம் தூக்கட்டும். எங்கள் வீடுகளில் விளக்கெரியும் முன்னால் எங்களை அணைக்கச் சொல்லாதீர்கள்" என்கிறது. டெல்லியில் என் ஆய்வு நிறுவனம் அந்தத் தரப்புக்குக் குறிப்புகள் தயாரித்துக் கொடுக்கிறது. அதற்காகத்தான் என்னை இங்கே அனுப்பியிருக்கிறார்கள்.

மதிய இடைவேளையில் எங்கள் நிறுவனம் நடத்திய சின்னக் கூட்டத்தில்தான் உன் படத்தைக் காட்டினேன். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் போனிலிருந்து தலையைத் தூக்குவதில்லை ஆயா. எண்களைச் சொன்னால் கொட்டாவி விடுகிறார்கள். உன் முகம் வந்ததும் நிமிர்ந்தார்கள். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் செய்தேன். படத்தையும் அதன் கீழே உள்ள வரியையும் வடிவமைத்தது அலுவலகத்து ஆட்கள். நான் படத்தைக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

நம் தெருவில் விறகில் சமைக்கிறவர்களே இல்லையா? மணியம்மை அத்தை விடிய விடிய இருமுவது எதனால்? நான் சொன்னதில் என்ன பொய் இருக்கிறது என்று நீயே சொல்.

ஷாலினி


கே.ஜி.கண்டிகை
30 மே 2015

ஷாலினிக்கு,

பொய் எங்கே என்று கேட்டாய். சொல்கிறேன்.

தணிகைவேலைக் கூப்பிட்டு அந்தப் படத்தை மறுபடி காட்டச் சொன்னேன். விரலால் தள்ளிப் பெரிதாக்கிக் காட்டினான். வலது பக்க ஓரத்தில் ஒரு கை தெரிகிறது. மணிக்கட்டு வரைக்கும்தான். அதற்கு மேல் இல்லை. அந்தக் கையில் சிவப்புக் கல் பதித்த வளையல். அது ஞானம்மாளின் கை. மேல்தெரு பரசுராமன் பெண்டாட்டி, தென்னோலையை நீட்டிக்கொண்டு என் அடுப்பில் நெருப்பு எடுக்கக் குனிந்திருந்தாள். நீ எடுத்த படத்தில் அவள் முழுசாக இருந்தாள், அவளுக்குப் பின்னால் வரிசை இருந்தது, கோயில் இருந்தது. எடுத்த உடனே நீயே எனக்குக் காட்டினாய். இப்போது என்னையும் புகையையும் மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை யாரோ வெட்டியிருக்கிறார்கள். அலுவலகத்து ஆட்களுக்கு ஞானம்மாளைத் தெரியுமா? யாரை வெட்டினால் நான் ஏழையாகத் தெரிவேன் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

மணியம்மை இருமுவது நிஜம். அப்படியானால் அவளிடம் போய், "அத்தை, உன் அடுப்பை உலகத்துக்குக் காட்டட்டுமா?" என்று கேட்டு அவள் படத்தைப் போட்டிருக்க வேண்டும். அவளிடம் கேட்க உனக்குப் பயம். நான் சொந்த ஆயா, கேட்க வேண்டாம் என்று எடுத்துக்கொண்டாய்.

இதோடு முடிந்தது என்று நினைக்காதே. போன ஞாயிற்றுக்கிழமை பரசுராமன் டீக்கடைக்கே வந்தான். ஏரிக்குக் கீழே அவனுக்கு எத்தனை நிலம் என்று உனக்குத் தெரியும். திருவிழாக் கமிட்டிக்கு அவன்தான் தலைவர். என்னைவிடப் பத்து வயசு சின்னவன், பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான்.

"இன்னா தாயம்மா, உன் பேத்தி பேசனதக் கேட்டேன். கஷ்டப்படற ஜனம்னு உங்க வூட்டுப் பொண்ணே உலகத்துக்குச் சொல்லிட்சி. நாங்க அத்தப் பாத்துட்டும் உங்ககிட்ட வரி வாங்கினா நல்லாவா இருக்கும்? இந்த ஆடிக்குக் கீழ்த்தெருவுக்குத் தலைக்கட்டு வரி வேணாம்னு கமிட்டில வெச்சிடலாம்னு கீறேன்."

உன் நைனா, பச்சை மண்ணு, "ரொம்ப நல்லதுங்க" என்றான். நான் அவனை முறைத்தேன். பால் பொங்கி வழிந்தது.

தலைக்கட்டு வரி கொடுக்கிற வீட்டுக்குத்தான் சீட்டு. சீட்டு இருந்தால்தான் வரிசையில் அடுப்பு. வரி வேண்டாம் என்றால் களத்துமேட்டுக்குப் போ என்று அர்த்தம். பரசுராமன் அதை வாயால் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டான். சிரித்துக்கொண்டே ஒரு டீயும் குடித்துவிட்டுப் போனான். என் தலை அடுப்பில் அவன் பெண்டாட்டி குனிந்தது அவனுக்கு ஒரு வருஷமாகத் தூங்கவிடாத விஷயம். அதற்கு வழி இல்லாமல் இருந்தான். நீ கொடுத்தாய்.

தெருவில் பாதிப் பேருக்கு இது புரியவில்லை. மணியம்மையே, "வரி இல்லன்னா நல்லதுதானே ஆயா, நீ இன்னாத்துக்குக் குதிக்கற?" என்கிறாள்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். சுமை எங்களுக்குக் குறைவாக வேண்டும் என்று அங்கே நீ கேட்கிறாய். இங்கே பரசுராமன் அதைக் கேட்காமலே கொடுக்கிறான். ரெண்டுக்கும் என்னடி வித்தியாசம்? குறைவாகக் கொடுக்கிறவனை வரிசையில் முன்னால் நிற்க வைத்த ஊர் எங்கேயாவது உண்டா?

கமிட்டி ஜூலை பன்னிரண்டாம் தேதி கூடுகிறது. என் இடம் போனால் அது உன்னால் போனது.

தாயம்மாள்


நியூயார்க்
10 ஜூன் 2015

ஆயாவுக்கு,

வெட்டியது நான்தான். போன கடிதத்தில் அலுவலகத்தின் மீது பழி போட்டேன். கூட்டத்துக்கு முந்தின நாள், இந்தப் படத்தில் கூட்டம் இருக்கிறது, திருவிழா மாதிரித் தெரிகிறது, வறுமை தெரியவில்லை என்றார் எங்கள் துறைத் தலைவி. திருவிழாதான் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் போய் நானே உட்கார்ந்து வெட்டினேன். ஞானம்மாளின் கை மட்டும் எப்படியோ தங்கிவிட்டது.

அது தப்பு. அதைத் திருத்துவேன். ஆனால் உன் மற்ற வாதத்தை நான் ஒத்துக்கொள்ள முடியாது. நீ மட்டும்தான் கோபப்பட முடியும் என்று நினைக்காதே.

பரசுராமன் செய்வதும் நாங்கள் கேட்பதும் ஒன்றா? பரசுராமன், "சுமை வேண்டாம், இடமும் வேண்டாம்" என்கிறான். நாங்கள், "இடம் எல்லோருக்கும் ஒன்று, சுமை அவரவர் தோளுக்குத் தகுந்தபடி" என்கிறோம். வரிசையை விட்டு எழுந்து போகிறோம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை.

நீ கொண்டாடுகிற அந்தத் தலைக்கட்டு வரியை எடுத்துக்கொள். ஏரித் தண்ணீர் பாயும் நிலம் எல்லாம் வைத்திருக்கும் பரசுராமனுக்கும், அந்த நிலத்தில் நாற்று நட்ட உனக்கும் ஒரே வரி. அதைச் சமம் என்கிறாய். ஒவ்வொரு ஆடிக்கும் அந்த வரியைக் கட்ட உன் கம்மல் பள்ளிப்பட்டு அடகுக் கடைக்குப் போனதை நான் பார்த்திருக்கிறேன் ஆயா. தை அறுவடை முடிந்துதான் உன் காதுக்குத் திரும்பும். ஒரு வருஷம் திரும்பவே இல்லை. ஞானம்மாள் வளையல் எந்த ஆடியிலாவது அடகுக் கடைக்குப் போனதா? இங்கே அந்தப் பெரிய நாடுகள் பேசும் "எல்லோருக்கும் பொது" அதேதான். பொதுவாக எழுதிவிட்டால் அவர்களுக்கு விரலில் ஒரு கீறல். நமக்குக் காது போகும்.

உன் மானத்தைக் கெடுத்துவிட்டேன் என்கிறாய். அந்த மானத்துக்கு நீ கொடுத்த விலை சரியா என்று ஒரு தடவையாவது யோசித்தாயா?

ஷாலினி


கே.ஜி.கண்டிகை
22 ஜூன் 2015

ஷாலினிக்கு,

கம்மலைப் பற்றி எழுத உனக்கு யார் உரிமை கொடுத்தது?

அது எனக்கும் உன் தாத்தாவுக்கும் நடுவில் இருந்த விஷயம். பெற்ற பிள்ளையிடம் கூட நான் சொன்னதில்லை. கேட்டவர்களிடம் காதில் புண் என்றேன். கம்மல் திரும்பாத வருஷம் துளை தூர்ந்து போகாமல் இருக்க வேப்பங்குச்சியை ஒடித்துப் போட்டுக்கொண்டு அந்த வரிசையில் நின்றேன். நிமிர்ந்துதான் நின்றேன். என் மடியில் படுத்துக்கொண்டு அதைப் பார்த்த குழந்தை, இருபது வருஷம் கழித்து அமெரிக்காவிலிருந்து கணக்குக் கேட்கிறது.

இதையும் படம் போட்டுக் காட்டிவிடாதே.

வேறு எழுத ஒன்றும் இல்லை.

தாயம்மாள்


நியூயார்க்
27 ஜூன் 2015

ஆயாவுக்கு,

உன்னிடமிருந்து பதில் வரவில்லை. வந்துகொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். அதற்குள் நடந்ததை எழுதிவிடுகிறேன்.

இந்த வாரம் மறுபடி கூட்டம் நடந்தது. மதிய இடைவேளைக் கூட்டத்தில் எனக்கு நேரம் கிடையாது என்றார்கள். இரண்டு நிமிஷம் போதும் என்று துறைத் தலைவியிடம் மன்றாடி வாங்கினேன். எதற்கு என்று அவரிடம் முழுசாகச் சொல்லவில்லை. மேடையில் ஏறி, வெட்டாத படத்தைப் போட்டேன். கோயில், வரிசை, ஞானம்மாள் எல்லாம் இருக்கும் படம்.

"ஏப்ரலில் இந்தப் படத்தின் ஒரு துண்டை உங்களுக்குக் காட்டினேன். இவர் என் பாட்டி தாயம்மாள். அது அவருடைய சமையலறை இல்லை, ஊர்க் கோயில் வாசல். அன்றைக்கு ஊரின் முதல் நெருப்பு இவருடையது. இதோ குனிந்திருக்கிறாரே, இவர் ஊரிலேயே பெரிய நிலக்காரர் வீட்டுப் பெண். என் பாட்டியிடம் நெருப்பு வாங்குகிறார்" என்றேன்.

முன்வரிசையில் பணக்கார நாடு ஒன்றிலிருந்து வந்த ஒருவர், நல்லவர் போலத்தான் இருந்தார், கையைத் தூக்கினார். "ரொம்ப அழகான கதை. அப்படியானால் இவருக்கு நம்முடைய உதவி தேவையில்லை, அப்படித்தானே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நாலைந்து பேர் கூடச் சேர்ந்து சிரித்தார்கள்.

எனக்கு அந்த இடத்தில் பரசுராமன் டீ குடித்துக்கொண்டு நிற்பது போலவே இருந்தது. அழுதால் உதவி, நிமிர்ந்தால் ஒன்றும் இல்லை. இதைத் தவிர அவர்களுக்கு மூன்றாவது வழியே தெரியவில்லை. என் குரல் உயர்ந்துவிட்டது. "அவர் யாரிடமும் உதவி கேட்கவில்லை. கேட்டதெல்லாம் வரிசையில் இடம். அந்த இடத்துக்காக அவர் தூக்கிய சுமை அவர் தோளுக்கு மிஞ்சியது. சுமை வைத்தவர்கள் அதைச் சமம் என்றார்கள். இங்கேயும் அதையேதான் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்" என்றேன். கம்மலைச் சொல்லவில்லை. வாய் வரைக்கும் வந்தது, சொல்லவில்லை.

யாரும் கை தட்டவில்லை. வெளியே வந்ததும் துறைத் தலைவி, "இது பேச்சுவார்த்தை. உன் குடும்பச் சண்டையை இங்கே கொண்டு வராதே" என்றார்.

நீ சொல்லச் சொன்னதைச் சொல்லிவிட்டேன். நீ கேட்ட இடத்திலேயே சொன்னேன்.

ஷாலினி


கே.ஜி.கண்டிகை
13 ஜூலை 2015

ஷாலினிக்கு,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. சொன்னாய் என்று படித்தேன். சரி. கம்மலைச் சொல்லாமல் விட்டாய், அதுவும் சரி. கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. நேற்று நடந்ததில் அது இன்னும் கூடித்தான் போயிருக்கிறது.

கமிட்டி கோயில் வாசலில் கூடியது. கீழ்த்தெருப் பெண்கள் வழக்கமாகக் கூட்டத்துக்குப் போவதில்லை. நான் போனேன். போய்ப் பின்னால் நிற்காமல் முன்னால் உட்கார்ந்தேன். உன் நைனா எனக்குப் பின்னால் நின்றுகொண்டு, "எம்மா, சத்தம் போடாதம்மா" என்று முந்தானையை இழுத்துக்கொண்டே இருந்தான்.

பரசுராமன் எழுந்து, கஷ்டப்படுகிற ஜனம், கருணை, அம்மன் மனசு என்று எல்லாம் பேசினான். கீழ்த்தெருவுக்கு இனிமேல் வரி இல்லை என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான்.

"இன்னா தாயம்மா, சந்தோஷம்தானே? உங்களுக்கு நல்லதுதான் பண்றோம்."

"நல்லது பண்றதா இருந்தா முழுசாப் பண்ணுங்க" என்றேன். "வரி இல்லன்னா சீட்டு உண்டா இல்லியா, அத்த மொதல்ல சொல்லுங்க."

"வரி குடுத்த வூட்டுக்குத்தானே சீட்டு. அது பழைய வழக்கமாச்சே."

"அப்டீன்னா வழக்கத்த நானும் ஒண்ணு கேக்கறேன். இந்த வரி எதுக்குப் போவுது? பாதி திருவிழாக்கு, பாதி ஏரிக்கரை அடைக்க. ஏரித் தண்ணி யாரு நெலத்துக்குப் போவுது? என் அடுப்பாங்கரைக்கா வருது? வரிய ஏக்கருக்குப் போடுங்க. சீட்ட வூட்டுக்குப் போடுங்க. எத்தினி ஏக்கரு வெச்சிகினு இருந்தாலும் வூட்டுக்கு ஒரு அடுப்புதானே?"

மேல்தெருவிலேயே ரெண்டு ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருக்கிற சின்னக் குடித்தனக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஞானம்மாள் தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தவள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் புருஷனுக்கு அந்தச் சிரிப்புதான் பொறுக்கவில்லை.

"அதெப்படி? அப்போ நான் எம்மாம் கட்டணும் தெரியுமா?" என்றான்.

"தெரியும். அதான் சொல்றேன்."

மணியம்மை கூடப் பின்னாலிருந்து, "ஆங், கணக்கு சரியாத்தான் கீது" என்றாள். வரி வேண்டாம் என்று என்னோடு சண்டை போட்டவள் அவள்.

பரசுராமன் துண்டை உதறினான். "இதெல்லாம் வம்பு. எதையும் மாத்த வேணாம். எல்லாருக்கும் ஒரே வரி, எல்லாருக்கும் சீட்டு. போன வருஷம் இருந்தது இருந்தபடி இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தைக் கலைத்தான்.

தெருவில் என்னைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறை. தணிகைவேல் ஆட்டோவில் உட்கார வைத்து ஒரு சுற்றுச் சுற்றினான். உன் நைனா, "எம்மா, கேட்டதுல பாதி வந்துச்சே" என்றான். நானும் வீட்டு வாசல் வரைக்கும் சிரித்துக்கொண்டுதான் வந்தேன்.

செருப்பைக் கழற்றும்போதுதான் உறைத்தது. என்ன பாதி? எனக்கு என்ன கொடுத்தான்? நான் வைத்திருந்த இடத்தை எடுக்கப் பார்த்தான், நான் கத்தினேன், அதையே எனக்குத் திருப்பிக் கொடுத்தான். வரி அப்படியே இருக்கிறது. ஏரித் தண்ணீர் அவனுக்கே போகிறது. நானும் ஊர்வலம் போய் வந்தேன். உடம்பெல்லாம் எரிகிறது ஷாலினி.

ஏக்கர் கணக்கைக் கேட்க எனக்கு எங்கிருந்து தோன்றியது என்று நீ நினைத்துச் சிரிப்பாய். உன் கடிதத்திலிருந்துதான் என்று நான் சொல்ல மாட்டேன்.

தாயம்மாள்


நியூயார்க்
3 ஆகஸ்ட் 2015

அன்புள்ள ஆயாவுக்கு,

நேற்று மாலை எல்லாம் முடிந்தது. வெள்ளிக்கிழமையே முடிந்திருக்க வேண்டியது, சண்டை ஓயாமல் ஞாயிறு வரைக்கும் இழுத்தது. கடைசியில் எல்லா நாடும் ஒப்புக்கொண்டதும் மண்டபத்தில் எழுந்து நின்று கை தட்டினார்கள், கட்டிப் பிடித்துக்கொண்டார்கள், சிலர் அழுதார்கள். நானும் கை தட்டினேன். பையில் உன் கடிதம் இருந்தது.

"பொறுப்பு பொதுவானது, ஆனால் சுமை வேறு வேறு" என்ற நம் தரப்பின் சொற்களை எடுத்துவிட வேண்டும் என்று கடைசி வரைக்கும் அழுத்தினார்கள். எடுக்க விடவில்லை. ஒரு பத்தியில் இருக்கிறது. இரவு அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் ரியோவில் எழுதிக் கொடுத்ததையே மறுபடி உறுதி செய்கிறோம் என்று எழுதியிருக்கிறார்கள். யார் எவ்வளவு தூக்குவது, எப்போது தருவது, தராவிட்டால் என்ன என்பதை எந்த வரியில் தேடினாலும் இல்லை.

நாம் வைத்திருந்ததையே நமக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள் ஆயா. உன் ஜூலைக் கடிதம் மட்டும் இல்லை என்றால் நான் இதை வெற்றி என்று நினைத்துத் தூங்கியிருப்பேன்.

செப்டம்பரில் பெரிய தலைவர்கள் வந்து கையெழுத்துப் போடும் மாநாடு இருக்கிறது. போகிறவர்கள் பட்டியலில் என் பெயர் இல்லை. ஜூன் மாதத்து இரண்டு நிமிஷம்தான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார்கள், "உனக்கும் ஓய்வு வேண்டுமே" என்று.

உன் ஜூன் கடிதத்துக்கு நான் பதில் எழுதவே இல்லை. உன் கம்மலைக் கணக்காக எழுதியிருக்கக் கூடாது. ஆனால் கணக்கு தப்பு என்று நான் இப்போதும் சொல்ல மாட்டேன். உனக்கும் அது தெரியும்.

ஆடிப் பொங்கலுக்கு வர முடியாது. இந்த வருஷம் நெருப்பு யாரிடம் என்று எழுது.

ஷாலினி


கே.ஜி.கண்டிகை
16 ஆகஸ்ட் 2015

ஷாலினிக்கு,

திருத்தணிக் காவடிக் கூட்டம் குறைந்து பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கிறது. உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது, மறுநாள் பொங்கல்.

தராவிட்டால் என்ன என்று எழுதாத காகிதத்துக்கு இத்தனை பேர் கை தட்டினார்களா? படித்தவர்கள் கூடுகிற இடம் என்றல்லவா நினைத்தேன். உன் பெயரை எடுத்தார்கள் என்று படித்ததும் அந்தத் துறைத் தலைவி இந்தப் பக்கம் டீ குடிக்க வந்தால் என்ன செய்வேன் என்று உன் நைனாவிடம் சொன்னேன். அவன் பயந்து கரண்டியை எடுத்து ஒளித்து வைத்தான்.

வெள்ளிக்கிழமை காலை சீட்டுப் போட்டார்கள். நம் தெரு முழுக்க வரி கட்டியிருந்தது. என் கம்மல் என் காதில்தான் இருந்தது, உன் நைனா கட்டினான். மணியம்மையின் கம்மல் அவள் காதில் இல்லை. வேப்பங்குச்சி இருந்தது. நான் பார்த்ததை அவள் பார்த்தாள். அப்போதுதான் முடிவு செய்தேன். அடுத்த கமிட்டியில் ஏக்கர் கணக்கை மறுபடி கேட்பேன். அதற்கு அடுத்ததிலும் கேட்பேன். எனக்குப் பிறகு கேட்கச் சொல்லி மணியம்மையிடம் இப்போதே சொல்லிவிட்டேன். நீயும் அங்கே விடாதே. பட்டியலில் பெயர் இல்லை என்றால் வாசலில் நின்று கேள். உன் தாத்தா எந்தப் பட்டியலில் இருந்தார்?

தலை அடுப்பு ஞானம்மாளுக்கு விழுந்தது.

என் அடுப்பு ஆறாவது. தென்னோலையை எடுத்துக்கொண்டு நெருப்பு எடுக்கப் போனேன். பரசுராமன் எதிரிலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றான், ஒரு வருஷமாக இதற்குத்தான் காத்திருந்தவன் போல. எனக்குக் கால் ஒரு நிமிஷம் நின்றுவிட்டது. ஞானம்மாள் என்னை நிமிர்ந்து பார்த்து, "வாக்கா, காத்து அடிக்குது, சீக்கிரம் எடு" என்றாள். என்னை அக்கா என்று அவள் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பரசுராமனும் கேட்டான். குனிந்தேன். எடுத்தேன். எனக்குப் பிறகு மணியம்மை குனிந்தாள், அவளுக்குப் பிறகு மேல்தெருப் பெண்கள் குனிந்தார்கள்.

தணிகைவேலைப் படம் எடுக்கச் சொல்லியிருந்தேன். திருத்தணி ஸ்டூடியோவில் கழுவி இதோடு வைத்திருக்கிறேன். இதில் நான் குனிந்திருக்கிறேன். ஞானம்மாள் உட்கார்ந்திருக்கிறாள். பின்னால் மணியம்மை காதும் தெரிகிறது, அவளிடம் கேட்டேன், காட்டலாம் என்றாள். எங்கே காட்ட வேண்டுமோ அங்கே காட்டு. கீழே என்ன எழுத வேண்டும் என்பதையும் நீயே எழுது, நல்ல இங்கிலீஷில்.

ஓரம் கூட வெட்டாதே.

உன் ஆயா
தாயம்மாள்